இரண்டு அங்குல உயரம்

ஒலியனியலும் களக்குறிப்புகளும் பேசப்படும் இந்தப் பக்கத்தில் ஸ்டியரிங் பற்றி எழுதுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். மலைப்பகுதிகளில் களஆய்வு செய்யும் நாம் ஒலிவாங்கியைத் தேர்ந்தெடுக்க மூன்று வாரம் விவாதிக்கிறோம். மாதிரி வீதம் 44.1 போதுமா, 48 வேண்டுமா என்று மூத்த ஆய்வாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புகிறோம். நம்மையும் நம்மோடு வருபவர்களையும் ஏற்றிக்கொண்டு பள்ளத்தாக்கின் விளிம்பில் செல்லும் வண்டியை மட்டும், கிடைத்தால் போதும் என்று ஏற்றுக்கொள்கிறோம். சென்ற கோடையில் அந்த வழக்கத்தின் விலையை நெருங்கிப் பார்க்க நேர்ந்தது. அதில் கற்றவற்றைக் களப்பணிக்குக் கிளம்பும் இளையோருக்காக இங்கே பதிவுசெய்கிறேன்.

என் ஆய்வு இமாசலப் பிரதேசத்தின் லாகௌலில், பாகா ஆற்றை ஒட்டிய ஊர்களில் வழங்கும் புனன் மொழியைப் பற்றியது. திபெத்திய-பர்மியக் குடும்பத்தைச் சேர்ந்த இம்மொழியைப் பேசுவோர் சில ஆயிரவர் மட்டுமே. 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பிறகு மணாலியிலிருந்து கேலாங் செல்வது எளிதாகிவிட்டது. ரோதாங் கணவாயின் பனிக்காக யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து மேலேறும் ஊர்ச்சாலைகள் பல இன்னும் கல்லும் சேறும் குறுக்கே ஓடும் பனிநீருமாகவே இருக்கின்றன. அங்கே சாதாரணக் கார் உதவாது.

எங்களுக்கு ஒரு வண்டி கிடைத்தது. தாவரவியலில் ஆய்வு செய்யும் நண்பர் ஒருவர் பழைய ஜிம்னி ஒன்றை வாங்கியிருந்தார். மண்ணியல் நண்பர் ஒருவரும் நானும் பெட்ரோல் செலவைப் பகிர்ந்துகொள்வது என்று ஏற்பாடு. முந்தைய உரிமையாளர் அதை இரண்டு அங்குலம் உயர்த்தியிருந்தார். நீண்ட ஸ்பிரிங்குகள், புதிய ஷாக் அப்சார்பர்கள், அகன்ற டயர்கள் எல்லாம் இருந்தன. பார்ப்பதற்குக் கம்பீரமான வண்டி. நண்பருக்கு அதில் பெருமை உண்டு. அந்தப் பெருமை நியாயமானதுதான்.

வண்டியின் நோய் கரடுமுரடான பாதையில் தெரியவில்லை. ஊர்ச்சாலையில் 15 கி.மீ. வேகத்தில் பாறைகளின்மீது அது ஆட்டைப் போல ஏறியது. சிக்கல் நல்ல சாலையில் வந்தது. நெடுஞ்சாலையில் 60 கி.மீ. வேகத்தில் போகும்போது தார் பெயர்ந்த ஓர் இடத்தில் முன்சக்கரங்கள் இறங்கி ஏறினால், ஸ்டியரிங்கை யாரும் திருப்பாமலேயே வண்டி ஒரு பக்கம் சாய்ந்து ஓடும். இருமுறை, அப்படி இறங்கி ஏறிய பின் முன்சக்கரங்கள் இரண்டும் இடமும் வலமுமாகப் பதறத் தொடங்கி, வண்டியை ஏறத்தாழ நிறுத்தும்வரை அப்பதற்றம் ஓயவில்லை. ஸ்டியரிங் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வதுபோல் ஆடியது.

ஆளாளுக்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். டயர் பேலன்ஸ் என்றார் ஒருவர், செய்தோம். வீல் அலைன்மென்ட் என்றார் மற்றொருவர். கணினித் தாளில் எல்லா எண்களும் பச்சை நிறத்தில் வந்தன. ஸ்டியரிங் டேம்பரை மாற்றச் சொன்னார் மூன்றாமவர். மாற்றியதும் மூன்று வாரம் நடுக்கம் வரவில்லை, நோய் தீர்ந்தது என்று நண்பர் மகிழ்ந்தார். பிறகு மீண்டும் வந்தது. டேம்பர் நடுக்கத்தின் வீச்சைத் தணிக்கும். அதன் காரணத்தைத் தொடாது. காய்ச்சல் மருந்து காய்ச்சலை இறக்குவது போலத்தான்.

குல்லுவில் ஒரு முதிய மெக்கானிக்கிடம் போய்ச் சேர்ந்தோம். சுற்றியிருந்தவர்கள் அவரை உஸ்தாத்ஜி என்று அழைத்தார்கள்; நாங்களும் அவ்வாறே அழைத்தோம். அவர் முதலில் கேட்டது, "எவ்வளவு உயர்த்தினார்கள்?" என்றல்ல. "ஒரே நாளில் உயர்த்தினார்களா, இரண்டு தடவையாகவா?" என்று கேட்டார். நண்பர் பழைய ரசீதுகளை எடுத்துக் காட்டினார். ஸ்பிரிங்குகள் ஒரு கடையில் மாட்டப்பட்டவை. எட்டு மாதம் கழித்து வேறொரு கடையில் ஒரு பிராக்கெட் பொருத்தப்பட்டிருக்கிறது. உஸ்தாத் தலையசைத்துவிட்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

அவர் விளக்கியதைப் புரிந்துகொள்ள, முன்பகுதியின் அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜிம்னியின் முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே கெட்டியான ஆக்சிலின் இரு முனைகளில் இருக்கின்றன. வண்டியின் சட்டகத்துக்கும் ஆக்சிலுக்கும் நடுவே சுருள் ஸ்பிரிங்குகள். சுருள் ஸ்பிரிங் எடையைத் தாங்கும். பக்கவாட்டில் ஆக்சிலை நிறுத்திவைக்க அதனால் இயலாது. அந்த வேலையைச் செய்வது பேன்ஹார்டு ராடு என்னும் குறுக்குக் கம்பி. அதன் ஒரு முனை சட்டகத்தில் மேலே, மறுமுனை ஆக்சிலில் கீழே. ஏறக்குறைய அதே திசையில் இன்னொரு கம்பியும் ஓடுகிறது. அது டிராக் லிங்க்: ஸ்டியரிங் பெட்டியிலிருந்து இறங்கிவந்து எதிர்ப்பக்கச் சக்கரத்தைத் திருப்புவது. ஒன்று ஆக்சிலை நிறுத்துகிறது, மற்றொன்று சக்கரத்தைத் திருப்புகிறது. வேலைகள் வேறு, ஆனால் இரண்டும் இணையாகவும் ஏறத்தாழ ஒரே நீளமாகவும் இருக்க வேண்டும் என்பதே இத்தகைய வண்டிகளின் அடிப்படை விதி.

ஏன் என்பதை உஸ்தாத் ஒரு பலகையில் காட்டினார். இரண்டு வெல்டிங் குச்சிகளை அடுத்தடுத்து இணையாக ஆணியில் மாட்டி, இரண்டின் மறுமுனைகளையும் ஒன்றாகத் தூக்கி இறக்கினார். முனைகள் சுண்ணக்கட்டியால் வரைந்த வளைகோடுகள் இரண்டும் ஒன்றுபோல் அமைந்தன. பிறகு ஒரு குச்சியை மட்டும் சற்றுச் சாய்வாக மாட்டி, மீண்டும் தூக்கினார். கோடுகள் பிரிந்து போயின. "இந்த இடைவெளிதான் உங்கள் வண்டியைத் திருப்புகிறது" என்றார். பொறியியல் பாடநூல் ஒன்று நான்கு பக்கங்களில் செய்ததை அவர் ஒரு நிமிடத்தில் செய்துவிட்டார்.

அன்றிரவு விடுதியில் மண்ணியல் நண்பரும் நானும் தாளில் கணக்கிட்டுப் பார்த்தோம். எளிமைக்காக இரு கம்பிகளும் 90 செ.மீ. நீளம், தொடக்கத்தில் இரண்டின் கீழ்முனையும் மேல்முனையைவிட 10 செ.மீ. தாழ்வு என்று வைத்துக்கொண்டோம். ஸ்பிரிங்கால் வண்டி 5 செ.மீ. உயர்ந்தால் அந்தத் தாழ்வு 15 செ.மீ. ஆகிறது. கம்பி செங்குத்தாகச் சாயச் சாய அதன் கிடைநீளம் குறைகிறது. ஆக்சில் முழுவதும் ஏறத்தாழ 7 மி.மீ. பக்கவாட்டில், பேன்ஹார்டு ராடு சட்டகத்தில் மாட்டியிருக்கும் பக்கமாக, நகர்ந்துவிடுகிறது. டிராக் லிங்கும் அதே அளவு சாய்ந்திருப்பதால் இரண்டும் இன்னும் இணையாகவே இருக்கின்றன. கோணல்தான், ஆனால் ஒத்த கோணல்.

இரண்டாவது கடை சரிசெய்தது அந்த 7 மி.மீ. நகர்வைத்தான். ஆக்சில் நடுவில் இல்லை என்று கண்டு, பேன்ஹார்டு ராடின் கீழ்முனையை 5 செ.மீ. உயர்த்தும் பிராக்கெட்டைப் பொருத்தியிருக்கிறார்கள். ஆக்சில் நடுவுக்கு வந்துவிட்டது. ஸ்டியரிங் கோணலாக நின்றதால் டிராக் லிங்கின் நீளத்தைச் சரிசெய்து அதையும் நேராக்கியிருக்கிறார்கள். நின்றுகொண்டிருக்கும் வண்டியில் இப்போது எல்லாம் சரி. ஆனால் ஒரு கம்பியின் தாழ்வு 10 செ.மீ., மற்றதன் தாழ்வு 15 செ.மீ. சக்கரம் 5 செ.மீ. மேலெழும்போது ஒன்று 4 மி.மீ. தள்ளுகிறது, மற்றொன்று 7 மி.மீ. தள்ளுகிறது. மீதமுள்ள 3 மி.மீ. சக்கரத்தைத் திருப்பியே தீர வேண்டும். சக்கரத்தைத் திருப்பும் கை 15 செ.மீ. நீளம் என்றால் அது ஏறத்தாழ ஒரு பாகை.

ஒரு பாகை என்பது சொற்பமாகத் தோன்றும். ஐந்து கதவு ஜிம்னியின் முன்பின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட தொலைவு 2,590 மி.மீ. அந்த அளவுக்கு ஒரு பாகைத் திருப்பம், 60 கி.மீ. வேகத்தில், அரை நொடியில் வண்டியை ஏறத்தாழ கால் மீட்டர் விலக்கிவிடும். ஓட்டுநர் அதை உணர்ந்து எதிர்ப்புறம் திருப்புவதற்குள் சக்கரம் கீழிறங்கி மறுபக்கம் திருப்புகிறது. தடுப்புச்சுவர் இல்லாத சாலையில் கால் மீட்டர் என்பது என்ன என்று மலைப்பாதையில் சென்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதனோடு இன்னொன்றும் சேர்ந்திருந்தது. சைக்கிளின் முன்ஃபோர்க் சாய்வாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கையை விட்டு ஓட்டும்போதும் சக்கரம் தானே நேராகத் திரும்பிக்கொள்வதற்கு அச்சாய்வு பெரிதும் உதவுகிறது. காரில் இதைக் கேஸ்டர் கோணம் என்கிறார்கள். ஜிம்னியில் ஆக்சிலைப் பின்னிருந்து பிடித்திருக்கும் கைகள், வண்டி உயரும்போது கீழ்நோக்கிச் சாய்ந்து ஆக்சிலையும் முன்புறமாகச் சுழற்றிவிடுகின்றன. கை 90 செ.மீ. நீளம் என்றால், 5 செ.மீ. உயரத்துக்குக் கேஸ்டரில் மூன்று பாகைக்கு மேல் குறையும். சக்கரம் நேராகத் திரும்பும் இயல்பை இழக்கிறது. புஷ் ஒன்று தேய்ந்து சிறு தளர்வும் இருந்தால், ஒரு பள்ளம் தொடங்கிவைக்கும் ஆட்டம் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். எங்கள் வண்டியில் தேய்ந்த புஷ்ஷும் இருந்தது, கேஸ்டரைத் திருத்தும் மாற்றுப் புஷ் போடப்படாமலும் இருந்தது.

இங்கே என்னை நெடுநேரம் சிந்திக்கவைத்தது ஒன்றுண்டு. அந்த வண்டியில் தரக்குறைவான பாகம் ஒன்றுகூட இல்லை. ஸ்பிரிங் நல்லது. பிராக்கெட் நல்ல இரும்பு, நல்ல வெல்டிங். இரண்டு கடைக்காரர்களும் தத்தம் வேலையை ஒழுங்காகவே செய்திருக்கிறார்கள். பாகங்களுக்கு இடையிலான பொருத்தம் மட்டும் எவருடைய ரசீதிலும் இல்லை. சந்தை உயரத்தை அங்குலக் கணக்கில் விற்கிறது. வாங்குபவரும் அங்குலத்தையே கேட்கிறார். வண்டிக்குள் மாறுவதோ கோணங்கள், அதுவும் ஒன்றையொன்று சார்ந்த கோணங்கள். நிற்கும் வண்டியை அளக்கும் கருவிக்கு இந்தக் குறை தெரியவே தெரியாது. இயக்கத்தில் மட்டுமே அது உயிர்பெறுகிறது.

மொழியியல் மாணவர்களுக்கு இது பழகிய செய்தி. மொழியில் ஓர் உறுப்பு தனியே மாறுவதில்லை. ஒன்று நகர்ந்தால் அதைச் சார்ந்தவை யாவும் தம் இடத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். திபெத்திய மொழிகள் சிலவற்றில் சொல்முதல் மெய்களின் ஒலிப்பு வேறுபாடு தேய்ந்தபோது, அந்த வேறுபாட்டின் சுமையைச் சுரம் ஏற்றுக்கொண்டது. ஆனால் இந்த ஒப்புமையை ஓர் எல்லைக்குமேல் நீட்டலாகாது. மொழிக்குப் பேசுவோர் இருக்கிறார்கள். பொருள் குழம்பும் ஒவ்வொரு முறையும் அவர்கள் வாயும் காதும் சிறிதுசிறிதாகத் திருத்திக்கொள்கின்றன. தலைமுறைகள் கடந்து அமைப்பு மீண்டும் சமநிலை கொள்கிறது. வண்டிக்கு அந்த வாய்ப்பு இல்லை. யாராவது ஒருவர் முழுவதையும் ஒருசேரப் பார்த்துக் கணக்கிட வேண்டும். இல்லையேல் அந்தக் கணக்கைச் சாலை போட்டுவிடும்.

உஸ்தாத் பட்டை ஸ்பிரிங்கைக் கமானி என்றார். பாரசீகத்தில் கமான் என்றால் வில். நாம் பாடநூலில் சுருள்வில் என்று எழுதுகிறோம். தொடர்பில்லாத இரு மொழிகள் ஒரே பொருளை வில்லாகவே கண்டிருக்கின்றன. வில்லை வளைத்தால் நாணும் மாற வேண்டும் என்பது வில்லாளிகளுக்குத் தெரியும். நாம் பெயரை வைத்துக்கொண்டு அறிவை விட்டுவிட்டோம் போலும்.

இனி, இதை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன். எனக்குக் கதைகள் சொல்லிவரும் பாட்டி ஒருவருக்கு எழுபத்தெட்டு வயது. என் ஆய்வேட்டின் பாதித் தரவு அவர் குரல்தான். கண்புரை அறுவைக்காக அவரைக் குல்லுவுக்கு அழைத்துச் செல்வதாக நாங்கள் வாக்களித்திருந்தோம். நாளும் குறித்தாகிவிட்டது. உஸ்தாத் வண்டியைப் பார்த்தது அதற்கு ஆறு நாள் முன்பு. வண்டியின் நண்பர், "மெதுவாக ஓட்டுகிறேன், நாற்பதைத் தாண்டமாட்டேன்" என்றார். அவர் கவனமான ஓட்டுநர். ஓராண்டாக அந்த வண்டியை ஓட்டிவருபவர். நான் மறுத்தபோது அவர் புண்பட்டார். வண்டியைக் குறை சொல்வதைத் தன்னைக் குறை சொல்வதாக எடுத்துக்கொண்டார். பாட்டியின் மகனுக்கோ வேறு கோபம்: கடைசி நேரத்தில் கைவிடுகிறார்களே என்று. இரு கோபங்களும் நியாயமானவை என்பதால் அந்த ஆறு நாள் எளிதாக இல்லை.

மெதுவாக ஓட்டுவது என்பது, ஓட்டுநர் எல்லா நேரமும் தவறாமல் இருந்தால் மட்டுமே செல்லுபடியாகும் ஒரு திட்டம். பின்னால் லாரி ஒலியெழுப்பும். இறக்கத்தில் வேகம் தானே கூடும். தெரிந்தே ஒருவர் ஏற்கும் இடர் வேறு, தெரியாத ஒருவரை அதில் ஏற்றுவது வேறு. ஆய்வு நெறிமுறைப் படிவங்களில் நாம் தகவலாளரிடம் ஒலிப்பதிவுக்கு ஒப்புதல் வாங்குகிறோம். அவர் குரலை எங்கே சேமிப்போம் என்று பத்திபத்தியாக எழுதுகிறோம். அவர் உடலை எதில் ஏற்றுவோம் என்று அப்படிவம் கேட்பதில்லை. பாட்டியும் மகனும் நானும் அரசுப் பேருந்தில் சென்றோம். பாட்டி வழியெல்லாம் "உங்கள் வண்டிக்கு இன்னும் காய்ச்சல் தீரவில்லையா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அறுவை நல்லபடியாக முடிந்தது.

வண்டிக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, உயர்த்தியதை முழுமையாக்குவது: டிராக் லிங்கின் முனையையும் அதே அளவு மாற்றி இரு கம்பிகளையும் மீண்டும் இணையாக்குவது, கேஸ்டர் புஷ் போடுவது, பிரேக் குழாய்களின் நீளத்தையும் பம்ப் ஸ்டாப்புகளையும் சரிபார்ப்பது. மற்றொன்று, தொழிற்சாலை அமைப்புக்கே திரும்புவது. சட்டமும் இரண்டாவது வழியின் பக்கமே நிற்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 சனவரியில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் இதைத்தான் எடுத்துக்காட்டும்.

நண்பர் இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, பழைய ஸ்பிரிங்குகளைத் தேடிப் பிடிக்கச் சொன்னார். செலவை மூவரும் பகிர்ந்தோம். இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் என்று தாளில் இருக்கிறது. அது எந்த மாதத்தில் வந்து சேரும் என்பதை உங்களில் பலரும் அறிவீர்கள். எனவே அது சிறிய தொகை அன்று. பிராக்கெட்டை வெட்டியெடுத்து, புஷ்களை மாற்றி, பழைய உயரத்துக்கு இறக்கியதும் அந்த வண்டி நெடுஞ்சாலையில் ஒரு சாதுவைப் போல ஓடியது. தொழிற்சாலை தந்த தரை இடைவெளி 210 மி.மீ. அந்தக் கோடை முழுவதும் நாங்கள் போக வேண்டிய எல்லா ஊருக்கும் அது போதுமானதாக இருந்தது.

களப்பணிக்கு வாடகை வண்டியோ நண்பரின் வண்டியோ எடுப்பவர்களுக்குச் சில குறிப்புகள். வண்டி உயர்த்தப்பட்டதா என்று கேளுங்கள். ஆம் என்றால், எல்லாப் பாகமும் ஒரே தொகுப்பில் வந்ததா என்று கேளுங்கள். முன்சக்கரங்களுக்கு இடையே குனிந்து பாருங்கள்: இரண்டு குறுக்குக் கம்பிகளும் ஒரே சாய்வில் இருக்கின்றனவா என்பதைக் காணப் பொறியியல் பட்டம் தேவையில்லை. முன்புறம் தனித்தனிச் சக்கரத் தொங்கலமைப்புள்ள தார் போன்ற வண்டிகளில் பேன்ஹார்டு ராடு இராது; அங்கே டை ராடுகளின் சாய்வையும், அச்சு மூட்டுகளின் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஸ்டியரிங் டேம்பர் மட்டும் புதிதாக மின்னினால் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். வண்டி ஒருமுறை பதறிய பிறகு, "இது இப்படித்தான்" என்ற பதிலை ஏற்காதீர்கள்.

துறைத்தலைவர்களாகவும் நெறியாளர்களாகவும் இருப்போரிடம் ஒரு வேண்டுகோள். களப்பயணம் முடிந்தபின் நீங்கள் எங்களிடம் ரசீது கேட்கிறீர்கள், அது தேவைதான். கிளம்பும் முன் வண்டியைப் பற்றியும் ஒரு வரி கேளுங்கள். அந்த ஒரு வரிக்குப் பதில் எழுதுவதற்காகவாவது யாரேனும் ஒருவர் வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பார்.